நோட்டட் சார்

ஆமாங்ணா, லேபர் ஆபீஸ்ல இருந்துதான் வர்றேன். காலையில ஒம்பது மணிக்கு சேலத்துல வந்து எறங்குனவன், இப்ப மணி மூணு. பெஞ்சுல உக்காந்து உக்காந்து இடுப்பே புடிச்சுக்கிச்சு. பஸ் கெளம்பற வரைக்கும் கொஞ்சம் காலை நீட்டிக்கிறேன், தப்பா நினைச்சுக்காதீங்க.

என் கேஸு இல்லீங்க. நான் சாட்சி. எங்க ஹேச்சரியில வசந்தாமணின்னு ஒரு அக்கா. பதினாலு வருசமா வேலை பார்த்துச்சு. அதை வேலையை விட்டு எடுத்துட்டாங்க. எடுத்தாக்கூடப் பரவால்லீங்க, லெட்டர்ல 'கவனக்குறைவு'ன்னு எழுதி எடுத்துட்டாங்க. இந்த ஜில்லாவுல எந்த ஹேச்சரிக்குப் போனாலும் பழைய கம்பெனி லெட்டரைத்தான் முதல்ல கேப்பாங்க. அந்த வார்த்தையைப் பார்த்தா கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க. அதனால அது கேஸு போட்டிருக்குது. வார்த்தையை எடு, வேலையைக் குடுன்னு. நான் கம்பெனி பக்கத்து சாட்சி. காலையில இருந்து உக்கார வெச்சாங்க, என்கிட்டக் கேட்டது ஒரே கேள்வி. அதையே ரெண்டு தடவை கேட்டாங்க.

நான் யாருன்னு சொல்லவே இல்ல பாருங்க. லோகநாதனுங்க. புதன்சந்தையில இருந்து உள்ள போகணும், அங்கதான் ஹேச்சரி. நான் அங்க சிஸ்டம் பார்க்கிறேன். கம்ப்யூட்டர், பிரிண்டர், நெட்டு, கேமரா, மெயில், கரண்டுல ஓடுற எது நின்னாலும் லோகநாதன்தான். ஒருதடவை வாட்டர் ஹீட்டர் வேலை செய்யலைன்னு கெஸ்ட் ஹவுஸுக்குக் கூப்பிட்டாங்க. போய்ப் பார்த்தேன். ஸ்விட்ச் போடலீங்க.

ஹேச்சரின்னா குஞ்சு பொரிக்கிற எடம். அதுல செட்டர்னு ஒரு மெஷின். மெஷின்னா சின்னதா நினைக்காதீங்க, நம்ம வீட்டு ரூம் அளவு இருக்கும். உள்ள ட்ராலி ட்ராலியா முட்டை. ஒரு செட்டருக்கு அம்பத்தேழாயிரம் முட்டை. பதினெட்டு நாளைக்கு, நம்ம காய்ச்சல் பார்க்கிற கணக்குல, நூறு டிகிரியை ஒட்டியே சூடு நிக்கணும். ஒரு டிகிரி ரெண்டு டிகிரி ஏறுனாலே ஆபத்து. உள்ள பெரிய ஃபேன் ஒண்ணு ஓடிக்கிட்டே இருக்கும், சூட்டை எல்லாப் பக்கமும் பரப்பறதுக்கு. அது நின்னா முட்டை வெந்துரும். வசந்தாமணி அக்கா அந்த ஹால்லதான். நாள் பூரா நடந்துட்டே இருக்கும். கதவுல கையை வெச்சுப் பார்க்கும், காதை வெச்சுக் கேக்கும்.

அங்கதான் தொந்தரவே. எதுன்னாலும் எனக்குப் போன். "சார், மூணாம் நம்பர் சத்தம் ஒரு மாதிரி இருக்குதுங்க." "சார், அஞ்சாம் நம்பர் கதவு வெதுவெதுன்னு இருக்குதுங்க." நான் சிஸ்டம் ஆளுங்க. கதவு வெதுவெதுன்னு இருந்தா நான் என்ன பண்றது? மெயின்டனன்ஸ்காரர்கிட்டச் சொல்லுங்கக்கான்னா, அவர் எடுக்கவே மாட்டேங்கிறாருங்கும். நான் எடுப்பேன். அதுதான் நான் பண்ண தப்பு. எடுக்கிறவனுக்குத்தானே போன் வரும்?

அப்பத்தான் கம்பெனியில கண்காணிக்கிற பொட்டி ஒண்ணு வாங்குனாங்க. சாப்பாட்டு டப்பா சைஸுல ஒரு வெள்ளைப் பொட்டி. அதுல இருந்து எட்டு ஒயர். ஒரு ஒயர் ஒரு செட்டருக்குள்ள போகும். சூடு நூத்தியொண்ணைத் தாண்டுனா பொட்டி தானா மெயில் போடும். விக்க வந்தவன் அப்படித்தான் சொன்னான், தானா போடும்னு. தானா ஒண்ணும் போடாதுங்ணா. அதைப் போட வெக்கிறதுக்குப் பதினோரு நாள் ஆச்சு எனக்கு.

சொன்னா சிரிப்பீங்க. அந்தப் பொட்டி மெனுவுல ஆறே ஆறு கட்டம். மெயில் சர்வர் பேரு, போர்ட் நம்பர், யூசர் நேம், பாஸ்வேர்டு, யார்கிட்ட இருந்து, யாருக்கு. அவ்வளவுதான். கீழ 'டெஸ்ட்'னு ஒரு பட்டன். அழுத்துனா ஒரு நிமிசம் சுத்தும், அப்புறம் 'ஃபெயில்டு'ங்கும். எதுக்கு ஃபெயிலுன்னு சொல்லாது. இருபத்தஞ்சாம் நம்பர் போர்ட் போட்டேன், நெட்டுக்காரனே அதை அடைச்சு வெச்சிருக்கான். வேற நம்பர் போட்டேன், மெயில் கம்பெனிக்காரன் பூட்டுப் போட்டு அனுப்புங்கிறான், பொட்டிக்கு அந்தப் பூட்டைப் போடத் தெரியல. அது பழைய பொட்டி, இது புதுப் பூட்டு. கடைசியில என்ன பண்ணேன், ஸ்டோர்ல கிடந்த ஒரு பழைய கம்ப்யூட்டரைத் தூசி தட்டி நடுவுல வெச்சேன். பொட்டி இதுகிட்டக் குடுக்கும். இது பூட்டுப் போட்டு வெளிய அனுப்பும். நல்ல யோசனைதானுங்களே? ஒருத்தர் பாராட்டணுமே? ஒருத்தரும் பாராட்டல.

அப்புறமும் ஃபெயிலு. என்னடான்னு பார்த்தா, 'யார்கிட்ட இருந்து'ங்கிற கட்டத்துல நான் 'அலர்ட்'னு ஒரு பேரு போட்டிருந்தேன். அப்படி ஒரு ஆளே உங்க கம்பெனியில இல்லைங்கிறான் மெயில்காரன். நிஜமா ஒரு ஐடி வேணும். புது ஐடி வாங்கணும்னா சேர்மன் கையெழுத்து வேணும். சேர்மனைப் பார்க்கணும்னா ஜி.எம். மூலமாத்தான் போகணும். ஜி.எம். நல்லசிவம் சார். நல்ல மனுசனுங்க. கோவம் மட்டும் வரும். அவரு பாஸ்வேர்டு எனக்குத் தெரியும், அவரே சீட்டுல எழுதி என்கிட்டத்தான் குடுத்து வெச்சிருக்கார், மறந்துருவார்னு. சரி, அவர் ஐடியைப் போட்டுப் பார்ப்போம்னு போட்டேன். அதுக்கும் அவர் போனுக்கு ஒரு ஓ.டி.பி. நம்பர் வந்துச்சு. அவரு ராசிபுரத்துல ஒரு கல்யாணத்துப் பந்தியில இருந்தார். பக்கத்து எலைக்காரர்கிட்டப் போனைக் குடுத்து நம்பரைப் படிக்கச் சொன்னார். போட்டேன். டெஸ்ட் அழுத்துனேன். 'சக்சஸ்'.

அப்ப எனக்கு இருந்த சந்தோசம் என் புள்ளைங்க பாஸானப்பக்கூட இல்லீங்க.

நிஜமாவே வேலை செய்யுதான்னு பார்க்கணுமே? ஒரு ஒயர் முனையை எடுத்து டீ டம்ளருக்குள்ள விட்டேன். சூடு ஏறுச்சு. மெயில் போச்சு. ஒம்பது பேருக்குப் போற மாதிரி செட் பண்ணியிருந்தேன், எல்லா செக்சன் தலையும், நானும். 'மூன்றாம் செட்டர், வெப்பம் அதிகம்'னு இங்கிலீஷ்ல ஒரு வரி. அனுப்பியவர், நல்லசிவம், ஜெனரல் மேனேஜர்.

அஞ்சே நிமிசம்ங்ணா. ஏழு பதில். "நோட்டட் சார்." "நோட்டட் சார்." "நோட்டட் வித் தேங்க்ஸ் சார்." தீவனத்தைப் பார்க்கிறவர் ஒருத்தர் இருக்கார், அவருக்கும் செட்டருக்கும் சம்பந்தமே இல்ல, அவர் எழுதறார், "நோட்டட் சார், இனிமேல் கவனமாக இருக்கிறேன் சார்." எதுல கவனமா இருப்பாரு? டீயில சூடு ஏறுனதுக்கு!

நம்ம ஆபீஸ்ல அதுதானுங்களே பழக்கம். பெரியவங்க மெயில் போட்டா முதல்ல 'நோட்டட் சார்' போடணும். படிக்கிறது அப்புறம். யாரு முதல்ல போடறாங்கங்கிறதுல ஒரு போட்டியே நடக்கும். லேட்டாப் போட்டா சார் மூஞ்சி மாறும்னு ஒரு பயம். நானும் போடறவன்தான், இல்லைங்கல.

நான் நேரா நல்லசிவம் சார்கிட்டப் போய்ச் சொன்னேன். "சார், இதெல்லாம் மெஷின் அனுப்பறதுங்க. உங்க பேர்ல போகுது. சீக்கிரம் வேற ஐடி வாங்கிரலாமுங்க."

அவரு போனைப் பார்த்துட்டே இருக்கார். மூஞ்சி மலர்ந்துருச்சு. "லோகு, நான் மெயில் போட்டா எப்படிப் பதில் வருது பார்த்தியா?"

"நீங்க போடலீங்களே சார்."

"என் பேர்லயே போகட்டும்யா. அப்பத்தான் பயம் இருக்கும். அலர்ட்டு கிலர்ட்டுன்னு பேரு போட்டா எவன் பார்ப்பான்?"

அவர் சொன்னதுலயும் ஒரு நியாயம் இருந்துச்சுங்க. நான் ஒரு தடவை சொல்லிட்டேன், அவர் வேண்டாம்னுட்டார். அதுக்கு மேல நான் என்ன பண்றது? ஒண்ணு மட்டும் பண்ணேன். சூடு கொறையற வரைக்கும் அஞ்சு நிமிசத்துக்கு ஒரு தடவை மெயில் போற மாதிரி இருந்துச்சு. அஞ்சு நிமிசத்துக்கு ஒம்பது 'நோட்டட்' வந்தா சாரு தூங்க வேண்டாமா? அதனால ஒரு பிரச்சினைக்கு ஒரு மெயில்தான்னு மாத்திட்டேன். ஒரே ஒரு தடவை போகும். தொந்தரவு இல்ல.

அதோட சேர்த்து ஒரு சர்க்குலரும் போட்டோம். நான்தான் டைப் பண்ணேன். இனிமே மெஷின் சம்பந்தமான எந்தப் புகாரும் மெயில்லதான் வரணும், போன்ல சொல்றதுக்கு ஆதாரம் கிடையாது, செட்டர் ஹால்ல செல்போன் வெச்சிருக்கக் கூடாது. சுவத்துல ஒட்டுனேன். வசந்தாமணி அக்கா முழுசாப் படிச்சுது. எழுத்துக் கூட்டி இல்லீங்க, நல்லாவே படிக்கும், பத்தாவது வரைக்கும் போனது. படிச்சுட்டு என்கிட்ட வந்துச்சு.

"சார், இந்த மெயிலு எனக்கு வருமுங்களா?"

"உங்களுக்கு எதுக்குங்கக்கா? பெரியவங்களுக்குப் போகும். அவங்க பார்த்து உங்களுக்குச் சொல்லுவாங்க."

"மெஷின் கூடவே நிக்கிறது நாங்கதானுங்களே."

"அதான் மெஷினே மெயில் போடுதே. நீங்க எதுக்குக் கஷ்டப்படணும்?"

நல்லதுக்குத்தான் சொன்னேன். அது ஹாலுக்குத் திரும்பிப் போயிருச்சு. அதுக்கப்புறம் ஆறு மாசம் போன் இல்ல. நான் நிம்மதியா இருந்தேன்.

இந்த வருசம் ஆயுத பூசை. ஹேச்சரியில மெஷினை நிறுத்த முடியாதுங்க, உள்ள முட்டை இருக்குது. அதனால ஓட ஓடவே பூசை. எல்லாத்துக்கும் சந்தனம் குங்குமம், வாழைக்கன்னு. முன்னாடி ஹால்ல சாமி படம், பொரி, சுண்டல், பூசணிக்கா. சேர்மன் குடும்பத்தோட வந்திருந்தார். எல்லாரும் அங்கதான் நின்னோம். செட்டர் ஹாலுக்குள்ள வசந்தாமணி அக்கா மட்டும். கூட இருக்கிற பொண்ணையும் பொரி கட்டறதுக்குக் கூப்பிட்டுக்கிட்டாங்க.

பதினொண்ணு பத்துக்கு என் போன் ஒருதரம் அதிருச்சு. எடுத்துப் பார்த்தேன். நல்லசிவம் சார்கிட்ட இருந்து மெயில். மூணாம் செட்டர், வெப்பம் அதிகம், நூத்தி ரெண்டு. நல்லசிவம் சார் எனக்கு எதுத்தாப்பல கை கும்பிட்டு நிக்கிறார்.

நான் என்ன நினைச்சேன்னு உண்மையாச் சொல்றேன். இது மெஷின் அனுப்பறதுன்னு அந்த எடத்துலயே எனக்கு ஒருத்தனுக்குத்தான் நல்லாத் தெரியும். செட் பண்ணவன் நான்தானே. ஆனா நான் யோசிக்கறதுக்குள்ள ஒண்ணொண்ணா வருது. "நோட்டட் சார்." "நோட்டட் சார்." பக்கத்துல நிக்கிற மெயின்டனன்ஸ்காரர் ஒரு கையில தீபாராதனைத் தட்டைத் தொட்டுக் கண்ணுல ஒத்திக்கிறார், இன்னொரு கையில டைப் பண்றார். எட்டு பேரு போட்டாச்சு. நான் மட்டும் பாக்கி. நல்லசிவம் சார் போனை எடுத்துப் பார்க்கிறார். போட்டுட்டேன். "நோட்டட் சார்."

எட்டு பேர் பார்த்துட்டாங்களே, யாராவது போவாங்கன்னு நினைச்சேன். அவங்க எட்டு பேரும் அப்படித்தான் நினைச்சிருப்பாங்க. நல்லசிவம் சாருக்கு அந்த மெயிலே வராது, அவர் அனுப்புனது ஆச்சே. அவருக்குப் பதில் மட்டும்தான் வரும். அவர் காலையில ஆயுத பூசை வாழ்த்துன்னு ஒண்ணு அனுப்பியிருந்தார். அதுக்குத்தான் நோட்டட் போடறாங்கன்னு நினைச்சு, எங்களைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரிச்சார்.

பதினொண்ணு இருபதுக்குப் போன் அடிச்சுது. செட்டர் ஹால் லேண்ட்லைன். பூசை நடக்குதே, கட் பண்ணேன். மறுபடி அடிச்சுது. கட் பண்ணேன். மூணாவது தடவை சைலண்ட்டுல போட்டுட்டேன். சர்க்குலர் ஒட்டியிருக்குதுங்களே. போன்ல சொன்னா ஆதாரம் இல்ல. நானே டைப் பண்ணிட்டு நானே எடுத்தா நல்லாவா இருக்கும்?

உள்ள என்ன ஆச்சுன்னா, மூணாம் நம்பர்ல ஃபேன் பெல்ட் அறுந்துருச்சு. ஃபேன் நின்னு போச்சு, ஹீட்டர் ஓடுது. அந்தக்கா கதவுல கை வெச்சுப் பார்த்திருக்குது. யாரும் வரல. செட்டர் கதவை மேனேஜர் கையெழுத்து இல்லாமத் திறக்கக் கூடாது, அது ரூலு. வெளிக்காத்து பட்டா முட்டை குளிர்ந்துரும். அந்தக்கா ரெண்டு கதவையும் திறந்து, ஹீட்டரை அமத்திட்டு, பன்னெண்டு ட்ராலியையும் ஒத்தை ஆளா வராண்டாவுக்கு இழுத்துப் போட்டுச்சு. ஒரு ட்ராலி எவ்வளவு கனம் தெரியுங்களா? நாங்க பூசணிக்கா ஒடச்சு முடிச்சு, சுண்டலோட உள்ள போறோம். அது தரையில உக்காந்திருக்குது. சேலையெல்லாம் வேர்வை.

சேர்மன் கேட்டது ஒரே கேள்வி. "கதவை யாரு திறந்தது?"

"நான்தானுங்க," அப்படின்னுச்சு.

முடிஞ்சு போச்சுங்க. மூணு நாள் கழிச்சுப் பொரிப்பு எடுத்தப்ப பாதிதான் குஞ்சு. மிச்சம் பாதி ஏன் போச்சு? கதவைத் திறந்ததால. அப்படித்தான் ரிப்போர்ட். சூட்டு கிராஃப் எடுத்துக் குடுன்னு நல்லசிவம் சார் கேட்டார். எத்தனை மணியில இருந்துங்க சார்னு கேட்டேன். பன்னெண்டுல இருந்து எடுன்னார். எடுத்துக் குடுத்தேன். சூடு கிடுகிடுன்னு எறங்கற மாதிரி இருந்துச்சு. அதுல பொய் ஒண்ணும் இல்லீங்க. பன்னெண்டுல இருந்து அப்படித்தான் இருந்துச்சு.

மெயிலா? அதைத்தானுங்க இன்னிக்கு லேபர் ஆபீஸ்லயும் கேட்டாங்க. பதினொண்ணு பத்துக்கே சூடு நூத்தி ரெண்டுன்னு மெயில் இருந்தா அந்தக்கா பக்கம் நியாயம் ஆயிருமே. கதவைத் திறக்கறதுக்கு முன்னாடியே மெஷின் கெட்டுருச்சு, ஒம்பது பேருக்குத் தெரியும், ஒருத்தனும் போகலைன்னு ஆயிரும். நல்லசிவம் சாரு பூசை முடிஞ்ச வாரம் என்னைக் கூப்பிட்டார். "லோகு, மெயில் பாக்ஸெல்லாம் ரொம்பி வழியுதாமே, ஏதாவது பண்ணு"ன்னார். அவர் அழின்னு சொல்லல. நானும் அழிக்கல. முப்பது நாளுக்கு மேல ஆன அலர்ட் மெயில் எல்லாம் தானா போற மாதிரி ஒரு ரூல் போட்டேன். எல்லாக் கம்பெனியிலயும் போடறதுதான். நான் கை வெக்கவே இல்லீங்க. முப்பது நாள் ஆச்சு, ரூல் அழிச்சுது. அந்த வெள்ளைப் பொட்டியும் பத்து நாளுக்கு மேல எதையும் ஞாபகம் வெச்சுக்காது.

இன்னிக்கு அதிகாரியம்மா கேட்டாங்க. சின்ன வயசுதான். கண்ணாடி போட்டுட்டு, பேனாவை மூடி மூடித் திறந்துட்டு. "அன்னைக்கு எச்சரிக்கை மெயில் ஏதாவது வந்ததா?"

"சர்வர்ல இல்லீங்க மேடம்."

"சர்வர்ல இருக்கான்னு நான் கேக்கல. வந்ததான்னு கேட்டேன்."

"சர்வர்ல எதுவும் இல்லீங்க மேடம்."

நான் சொன்னதை அப்படியே எழுதிக்கிட்டாங்க. பதினாலாம் தேதி வரைக்கும் டைம், ஏதாவது ஆதாரம் கிடைச்சா இந்த ஐடிக்கு அனுப்புங்கன்னு ரெண்டு பக்கத்துக்கும் ஒரு சீட்டுக் குடுத்தாங்க. நான் சொன்னது அத்தனையும் உண்மைங்க. பொய்ச் சாட்சி சொல்றவன் இல்ல நான்.

அந்தக்கா எதுத்த பெஞ்சுல உக்காந்திருந்துச்சு. இளைச்சுப் போச்சு. இப்ப ஏதோ ஒரு கோழிப் பண்ணையில முட்டை அடுக்கற வேலைக்குப் போகுதாம். வெளிய வந்தப்ப நான் வேகமா நடந்தேன், பேச வேண்டாம்னு. பின்னாடியே வந்துருச்சு. திட்டப் போகுதுன்னு நினைச்சேன். திட்டியிருந்தாத் தேவலைங்க.

"சார், உங்க மேல எனக்கு வருத்தம் இல்லீங்க," அப்படின்னுச்சு. "அன்னிக்கு நீங்க போனை எடுத்திருந்தா, கதவைத் திறக்காதீங்கக்கா, மெயில் போட்டுட்டாங்க, ஆள் வருவாங்கன்னு சொல்லியிருப்பீங்க. நானும் நீங்க சொன்னாக் கேட்டுருப்பேன். அத்தனையும் வெந்துருக்கும். நீங்க எடுக்காததுனாலதானுங்க பாதியாவது பொழைச்சுது."

எவ்வளவு பெரிய மனசு பாருங்க. அப்படிச் சொல்லிட்டு பஸ்ஸுக்கு நடந்து போயிருச்சு. நான் டீக்கடையில நின்னேன். நான் எடுக்காததுனால பொழைச்சுதாம். இருபது வருசம் இந்த வேலையில இருக்கேன், என்னைப் பத்தி ஒருத்தர் சொன்ன நல்ல வார்த்தை அது ஒண்ணுதான். அதை நினைச்சா எனக்கு அழுகை வருது. எதுக்கு வருதுன்னு தெரியல. அலுப்பா இருக்கும். காலையில இருந்து சாப்பிடல.

உங்ககிட்டச் சொல்றதுக்கு என்ன. சர்வர்ல இல்லைன்னுதான் சொன்னேன். என் போன்ல இருக்குதுங்க. இது பழைய செட்டிங், ஒருதடவை எறங்குன மெயில் போன்லயே தங்கிரும், சர்வர்ல போனாலும் போகாது. இந்தாங்க, பாருங்க. தேதி. பதினொண்ணு பத்து. நூத்தி ரெண்டு டிகிரி. கீழ வரிசையா நோட்டட் போட்டவங்க பேரு. கடைசியில இருக்கிறது நான். தினமும் அழிச்சிரலாம்னு எடுப்பேன். விரலு அந்தப் பட்டன் வரைக்கும் போகும். அப்புறம் வெச்சிருவேன். லெட்டர்ல இருக்கிற அந்த 'கவனக்குறைவு'ங்கிற வார்த்தையை யாரும் எடுக்கலைன்னா அந்தக்கா சாகற வரைக்கும் முட்டைதான் அடுக்கணும். எடுக்கறதுக்கு இந்த ஒரு பக்கம் போதும்.

என் ஐடியில இருந்து அனுப்புனா என்ன ஆகும்னு உங்களுக்கே தெரியும். எனக்கு வயசு நாப்பத்தாறு. யாரு இனிமேப் புதுசா வேலை குடுப்பாங்க? அதனால ஒண்ணு பண்ணியிருக்கேன். இதைப் போட்டோ புடிச்சு வெச்சிருக்கேன், என் பேரு இருக்கிற கடைசி வரியை மட்டும் விட்டுட்டு. பொய் இல்லீங்க, மத்த எட்டு பேரும் அப்படியே இருக்குது. அதிகாரியம்மா குடுத்த சீட்டும் இருக்குது. அனுப்பறதுக்கு ஒரு ஐடிதான் வேணும். புதுசா ஒண்ணு போட்டாலும் என் போன் நம்பரைக் கேப்பான். உங்களுக்கு மெயில் ஐடி இருக்குங்களா? யாருக்கும் உங்களைத் தெரியப் போறது இல்ல. ரெண்டே நிமிசம். உங்க போன்லயே நானே செட் பண்ணி அனுப்பிட்டு, தொடச்சுக் குடுத்துர்றேன்.

ஏனுங்ணா, போனைப் பைக்குள்ள போட்டுக்கறீங்க?

சரிங்க. விடுங்க. உங்களைச் சொல்லிக் குத்தமில்ல. முன்னப் பின்னத் தெரியாதவன் கேட்டா நானும்தான் குடுத்திருக்க மாட்டேன். வசந்தாமணி அக்கா குடுத்திருக்கும், எதுக்குன்னுகூடக் கேட்டிருக்காது. ஆனா அதுக்குத்தான் மெயில் ஐடி இல்லையே.